நூற்றுக்கு முப்பத்தைந்துக்கு வரியில்லை

ஹொலண்டில், வெளிநாட்டிலிருந்து கூப்பிட்டு எடுத்த ஆட்களுக்குச் சம்பளத்தில் வரியே பிடிக்கிறதில்லையாம். இந்தக் கதையை ஊர்காவற்றுறைத் தபாற்கந்தோருக்குக் கொண்டுவந்தவள் மீன்கார றோசம்மா. அவளுக்குச் சொன்னவன் அனலைதீவு வள்ளக்காரன். அவனுக்கு யார் சொன்னது என்று அவன் சொல்லவுமில்லை, அவள் கேட்கவுமில்லை.

“உன்ரை தம்பிக்கு மாசம் நாப்பத்தெண்ணாயிரமாமே, பிள்ளை. முழுசாக் கையிலை. ஒரு சதமும் வெட்டுறதில்லையாம்.”

முத்திரை விற்கும் கம்பிக்கூட்டுக்குள் இருந்தவள் மேரிஜோசப்பின். அவள் தலையை நிமிர்த்தவில்லை. “யார் சொன்னது?”

“ஊரே சொல்லுது. நீ மட்டும்தான் எண்பது சத முத்திரையை நாக்காலை நக்கிக்கொண்டு இருக்கிறாய். ஹொலண்ட்காரன்ரை அக்கா.”

வரிசையில் நின்ற இரண்டு பேர் சிரித்தார்கள். மேரிஜோசப்பின், மீதிக் காசைச் சில்லறையாக எண்ணி, கம்பிக்கு அடியால் தள்ளிவிட்டாள். தள்ளிய வேகத்தில் ஒரு ஐம்பது சதம் உருண்டு போய்க் கதவடியில் விழுந்தது. றோசம்மா குனிந்து எடுத்துக்கொண்டு, “கோவம் வருதாக்கும்” என்று சொல்லிக்கொண்டே போனாள்.

கோபம்தான். ஆனால் அது றோசம்மா மேல் இல்லை. மேரிஜோசப்பினுக்குக் கலியாணம் பேசி நாலு மாதம். மாப்பிள்ளை பிலிப்பு, வவுனியாவில் களஞ்சியக் காப்பாளர். பிலிப்பின் தகப்பன் மடுத்தீன், கூட்டுறவுச் சங்கக்கடை மனேஜராக இருந்து இளைப்பாறியவர். ஊரில் இப்போதும் மனேஜர் என்றுதான் பெயர். மாப்பிள்ளை வீட்டுக்கு நன்கொடைக் காசு ஒன்றரை லட்சம் என்று சித்திரையில் பேசி முடித்தார்கள். ஆனியில் அது மூன்று லட்சமாயிற்று. ஏன் என்று அவள் கேட்டபோது, அவளுடைய தகப்பன் பஸ்ரியாம்பிள்ளை வலைக்கயிற்றைப் பார்த்தபடி, “அவைக்கும் ஒரு பெட்டை இருக்கெல்லே” என்று மட்டும் சொன்னார். பெட்டை சித்திரையிலும் இருந்தவள்தான். இரண்டு மாதத்தில் மாறியது என்ன என்பது இன்றைக்கு, ஒரு மீன்காரியின் வாயால், முத்திரைக் கூட்டுக்குள் வந்து சேர்ந்தது.

அவளுக்கு வயது முப்பத்திரண்டு. கன்னியாஸ்திரிகளின் பள்ளிக்கூடத்தில் தமிழிலும் இங்கிலீசிலும் ஒரே அளவு கெட்டிக்காரி என்று பெயர் எடுத்தவள். இருபத்தொரு வயதில் தபால் பகுதிச் சோதனை எழுதிப் பாஸ் பண்ணி, கொழும்பில் ஒரு கந்தோரில் கடிதம் பிரிக்கிற வேலைக்குப் போனாள். எண்பத்து மூன்று ஆடிக் கலவரத்தில், கையில் பட்டியல் வைத்துக்கொண்டு விலாசம் பார்த்துப் பார்த்து வந்தவர்களை அவள் கண்ணால் கண்டாள். எட்டு நாள் ஒரு பள்ளிக்கூடத்தில் நிலத்தில் படுத்துக் கிடந்து, கப்பலில் காங்கேசன்துறைக்கு வந்து இறங்கியபோது அவளிடம் இருந்தது ஒரு கைப்பையும், ஒரு பாடமும். ஒரு மனுசரைக் கண்டுபிடித்து அழிக்க அவருடைய விலாசம் போதும்.

அதற்குப் பிறகு ஊர்காவற்றுறைக்கு மாற்றம் எடுத்துக்கொண்டு வந்தாள். வந்த இடத்திலும் அந்தப் பாடம் வேறு விதமாகப் பலித்தது. பஸ் ஓடாவிட்டால் தபால் சாக்கு யாழ்ப்பாணத்தில் கிடக்கும். வருகிற கடிதங்களும் தணிக்கையில் ஓரம் வெட்டி, திரும்ப ஒட்டி வரும். நேர்முகத்துக்கு வரச்சொன்ன கடிதம் நேர்முகம் முடிந்து பதினைந்து நாளுக்குப் பிறகு வந்ததை எத்தனை பேருக்கு அவளே கையில் கொடுத்திருக்கிறாள். ஆகவே வெளிநாட்டுக்கு விண்ணப்பம் போட வருகிறவர்களுக்கெல்லாம் அவள் ஒரே புத்திதான் சொன்னாள்: “ஊர் விலாசத்தைப் போடாதேங்கோ. வெளியிலை இருக்கிற சொந்தக்காரன்ரை விலாசத்தைப் போடுங்கோ. அவன் வாங்கி வைச்சு, தெரிஞ்ச ஆளிட்டைக் குடுத்து அனுப்புவான்.” புளியங்கூடலில் இருந்தும் அனலைதீவில் இருந்தும் ஆட்கள் படிவத்தைத் தூக்கிக்கொண்டு அவளிடம் வந்தார்கள். அவளும் தன் கையாலேயே நிரப்பிக் கொடுத்தாள். பாரிசில் ஒரே ஒரு அறையின் விலாசத்தில் தீவுக்காரர் பதினேழு பேர் குடியிருப்பதாக அவள் எழுதியிருக்கிறாள்.

தம்பி எமிலியானுஸ் கொழும்புத் துறைமுகத்தில் மண் அள்ளும் கப்பலொன்றில் இயந்திரம் பழுது பார்த்தவன். ஹொலண்ட் கம்பனிக் கப்பல் அது. அதன் பெரிய இஞ்சினியருக்கு அவனைப் பிடித்துப்போனது. எண்பத்தைந்தில் கப்பல் போன பிறகு, றொட்டர்டாமில் இருக்கும் தங்கள் பட்டறைக்கு ஆள் வேண்டும், விண்ணப்பம் போடு என்று அவர் எழுதினார். எமிலியானுஸ் அப்போது வேலையில்லாமல் வீட்டில் இருந்தான். கடலில் மீன்பிடிக்கவும் தடை. சம்மாட்டியார் என்று ஊர் கூப்பிடும் பஸ்ரியாம்பிள்ளையின் வள்ளம் கரையில் கவிழ்ந்து கிடந்தது. படிவத்தை நிரப்பியவள் மேரிஜோசப்பின். றொட்டர்டாமில் மாமாவின் மகள் கிறேஸ் இருந்தாள். அவளுடைய விலாசத்தைத் தெரு, இலக்கம், தபால் எண் எல்லாம் சரியாக, அழகான எழுத்தில் எழுதினாள். வேலை கிடைத்தது. எண்பத்தாறு சித்திரையில் அவன் போனான்.

போய்ச் சேர்ந்து எழுதிய முதல் கடிதத்தில்தான் அந்த விசயம் இருந்தது. நாலாயிரம் கில்டர் சம்பளம். வெளிநாட்டிலிருந்து கம்பனி கூப்பிட்டு எடுத்த ஆளென்றால் நூற்றுக்கு முப்பத்தைந்துக்கு வரியில்லை என்று அங்கே ஒரு சலுகை இருக்கிறதாம், கூட வேலை செய்கிற போர்த்துக்கல்காரன் சொன்னானாம், தனக்கும் கேட்டிருக்கிறானாம். அந்தக் கடிதத்தை பஸ்ரியாம்பிள்ளை சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு ஒரு கிழமை திரிந்தார். கோயில் வாசலில் மனேஜருக்கு வாசித்தும் காட்டினார். அங்கேயே முப்பத்தைந்து நூறாகிவிட்டது. நாலாயிரத்தைப் பன்னிரண்டு ரூபாயால் பெருக்க மனேஜருக்குக் கடதாசி தேவைப்படவில்லை.

கோயில் வாசலில் நடந்ததையெல்லாம் அவள் றோசம்மா போன அன்று பின்னேரம் குசினிக்குள் நின்று தகப்பனிடம் ஒவ்வொன்றாகப் பிடுங்கி எடுத்தாள்.

“வாசிச்சுக் காட்டினனீங்களோ?”

“சந்தோசத்திலை காட்டினது. பெடியனுக்கு வேலை கிடைச்சதைச் சொல்லக்கூடாதோ?”

“வேலையைச் சொல்லலாம். சம்பளத்தை ஏன் சொன்னனீங்கள்?”

“நீ என்ன பொலிசோ?” பஸ்ரியாம்பிள்ளை தேத்தண்ணிக் கோப்பையைத் தள்ளி வைத்தார். “மூண்டு லட்சம் எண்டு வாக்குக் குடுத்திட்டன். வீட்டைக் காசுக்காரனுக்கு எழுதிக் குடுத்து எடுக்கிறது. ரெண்டு வருசத்திலை தம்பி அனுப்புற காசிலை திருப்புறது. இதிலை உனக்கு என்ன?”

“வீடு அம்மாவின்ரை சீதனம். எனக்கு எண்டு வைச்சிட்டுச் செத்தவ. நான் கையெழுத்துப் போடாமல் ஒருத்தரும் எழுத ஏலாது.”

“அதுதான் நீ போடப்போறியே.”

 காசுக்காரன் எழுதச் சொல்கிற வீட்டு உறுதிப் பத்திரம் எப்படிப்பட்டதென்று அவளுக்குத் தெரியும். இரண்டு வருடத்துக்குள் முதலும் வட்டியும் வராவிட்டால் வீடு அவனுடையது. வழக்கு வம்பு எதுவும் இல்லை. தபாற்கந்தோர் வரிசையில் நிற்கிறவர்களில் மூன்று பேர் இப்படி வீடிழந்து, தங்கள் வீட்டிலேயே வாடகைக்கு இருக்கிறவர்கள்.

ஆடி கடைசியில் எமிலியானுஸின் இரண்டாவது கடிதம் வந்தது. ஓரம் வெட்டித்தான் இருந்தது. உள்ளே சம்பளத் துண்டு ஒன்றும் இருந்தது. அதில் ஒரு சொல்லும் அவளுக்கு விளங்கவில்லை. இலக்கம் மட்டும் விளங்கியது. மேலே நாலாயிரம். அடியில் இரண்டாயிரத்து நானூறு.

அன்றைக்கு அவள் மதியச் சோறு சாப்பிடவில்லை. தந்திப் படிவம் ஒன்றைத் திருப்பி, பின்பக்கத்தில் எழுதத் தொடங்கினாள். சலுகை கிடைத்தால்: நாலாயிரத்தில் ஆயிரத்து நானூறை ஒருவரும் தொட மாட்டார்கள். மிச்சம் இரண்டாயிரத்து அறுநூறில் வரியும் மற்றப் பிடிப்புகளும் ஆயிரம் போகும் என்று வைத்தாலும், கையில் மூவாயிரம் வரும். கிடைக்காவிட்டால் இந்தத் துண்டில் இருப்பதுதான். அறை வாடகை, சாப்பாடு, குளிருக்கு எரிக்கிற காஸ், றெயில், போக எடுத்த கடனுக்குக் கிறேசுக்கு மாதம் நானூறு, எல்லாம் சேர்த்து ஆயிரத்து எழுநூறு என்று அவனே எழுதியிருந்தான். மிச்சம் ஒரு பக்கம் ஆயிரத்து முன்னூறு, மற்றப் பக்கம் எழுநூறு. ரூபாயில் பதினையாயிரத்து அறுநூறு. இல்லாவிட்டால் எட்டாயிரத்து நானூறு.

காசுக்காரனுக்கு இரண்டு வருடத்தில் கொடுக்கவேண்டியது, வட்டியோடு மூன்று லட்சத்து எழுபத்திரண்டாயிரம். சலுகை இருந்தால் எமிலியானுஸ் இருபத்துநாலு மாதத்தில் அனுப்பக்கூடியது மூன்று லட்சத்து எழுபத்துநாலாயிரத்து நானூறு. ஒரு மாதம் அவன் காய்ச்சலில் படுத்தால் அதுவும் போச்சு. சலுகை இல்லாவிட்டால் இரண்டு லட்சம்தான் வரும். வீடும் போகும்.

பிழை கண்டுபிடிக்கலாம் என்று மூன்று தரம் போட்டுப் பார்த்தாள். இல்லை.

பிறகுதான் கடிதத்தின் மிச்சத்தை வாசித்தாள். எமிலியானுஸ் எழுதியிருந்தான்:

“அக்கா, சம்பளப் பகுதியில் இருக்கிற மனுசி என்ரை விண்ணப்பக் கோவையைத் திறந்து காட்டினவ. நீர் விண்ணப்பம் போட்ட நேரம் றொட்டர்டாமிலேயே இருந்திருக்கிறீர், உம்மை நாங்கள் வெளிநாட்டிலிருந்து கூப்பிடவில்லையே, இங்கே இருந்த ஆளைத்தானே எடுத்தோம், உமக்கு இந்தச் சலுகை பொருந்தாது என்று சொல்லுறா. நான் அப்ப ஊரிலைதான் இருந்தனான் என்று சொன்னால், அப்ப ஏன் இந்த விலாசம் என்று கேட்கிறா. கடிதம் எங்களுக்கு ஒழுங்காக வராது என்று சொன்னன். அவவுக்கு அது விளங்கேல்லை. கடிதம் வராத ஊர் ஒன்று இருக்குமோ என்று கேட்டவ.”

கடிதத்தின் கீழே தம்பி வேறு ஒன்றும் குத்திக்காட்டி எழுதவில்லை. அதுதான் அவளை எரித்தது. படிவத்தை நிரப்பினது யார் என்று அவன் ஒரு வரி எழுதியிருந்தால் அவள் பதிலுக்கு ஏதாவது எழுதியிருப்பாள்.

பின்னால் இருந்து தபாலதிபர் வைத்திலிங்கம், “பிள்ளை, என்ன தந்திப் படிவத்திலை கிறுக்கிப் போட்டிருக்கிறீர்? அது அரசாங்கக் காசெல்லே” என்றார்.

“என்ரை சம்பளத்திலை பிடியுங்கோ.”

“உம்மடை சம்பளத்திலை பிடிக்க என்ன இருக்கு?” அவர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு போனார்.

அன்று பின்னேரமே அவள் கிராம சேவகரிடம் போனாள். எமிலியானுஸ் எண்பத்தைந்து தை தொடக்கம் எண்பத்தாறு சித்திரை வரை இங்கேதான் வசித்தவர் என்று ஒரு கடிதம் வேண்டும் என்றாள். கிராம சேவகர் பேனையைக் கையில் பிடித்தபடி அவளைப் பார்த்தார்.

“விசித்திரம்தான். உங்கடை ஆக்கள் எல்லாரும் வந்து, இங்கை இல்லை எண்டெல்லோ கடிதம் கேக்கிறவை.”

“எனக்கு இருந்தவர் எண்டு வேணும்.”

“நீர்தானே எல்லாருக்கும் வெளிநாட்டு விலாசம் எழுதிக் குடுக்கிறனீர்?”

“ஓம். நான்தான். எழுதுங்கோ.”

பங்குச் சாமியிடமும் ஒரு கடிதம் வாங்கினாள். பாஸ்கு நாட்களில் சிலுவை தூக்கினவன் அவன் என்று சாமி தானாகவே ஒரு வரி சேர்த்து எழுதினார். சம்பளப் பகுதி மனுசிக்கு அது என்னத்துக்கு உதவும் என்று அவளுக்கு விளங்கவில்லை. ஆனாலும் அழிக்கச் சொல்லவில்லை. இரண்டையும் இங்கிலீசில் மொழிபெயர்த்து, றிஜிஸ்டர் தபாலில் கம்பனிக்கே போட்டாள். அந்தச் சாக்கு யாழ்ப்பாணத்தில் கிடக்காமல் இருக்க, பஸ் கொண்டக்டரின் கையில் தானே கொண்டுபோய்க் கொடுத்தாள். ஆவணி இருபத்திரண்டாம் திகதி வெள்ளிக்கிழமைக்குள் முடிவு சொல்லுவினம் என்று எமிலியானுஸ் தந்தி அடித்தான். அன்றைக்கு அரை நாள் லீவு எடுத்து, பகல் ஒரு மணிக்குக் கிறேசின் வீட்டு ரெலிபோனடியில் இருப்பானாம். இங்கே நாலரை மணி.

உறுதி எழுத நொத்தாரிசு ஐயாத்துரை யாழ்ப்பாணத்திலிருந்து வருகிற நாளும் அதே வெள்ளிதான். மனேஜர் அப்படி ஒழுங்கு பண்ணியிருந்தார்.

அதற்கு முதல் நாள் மனேஜர் அவளுடைய வீட்டுக்கு வந்தார். வெள்ளை வேட்டி, கையில் குடை. பஸ்ரியாம்பிள்ளை ஓடிப்போய்க் கதிரையைத் துடைத்துப் போட்டார். மேரிஜோசப்பின் தேத்தண்ணி கொண்டுவந்து வைத்துவிட்டு உள்ளே போகாமல் அங்கேயே நின்றாள்.

“பிள்ளை ஏதோ சொல்லுறா எண்டு சம்மாட்டியார் சொன்னார்” என்றார் மனேஜர்.

“சொல்லுறதுக்கு ஒண்டுமில்லை. கணக்கு இருக்கு. பாருங்கோ.”

அவர் தந்திப் படிவத்தை வாங்கி, கையை நீட்டித் தூரத்தில் பிடித்துக்கொண்டு வாசித்தார். “முப்பது வருசம் சங்கக்கடையிலை கணக்குப் பாத்தனான், பிள்ளை. சீனி, அரிசி, மண்ணெண்ணெய். எனக்கு நீர் கணக்குக் காட்டுறீர்.”

“சங்கக்கடைச் சீனியிலை எவ்வளவு வெட்டு விழுந்தது எண்டு ஊருக்குத் தெரியும். ஹொலண்டிலை எவ்வளவு விழும் எண்டுதான் ஒருத்தருக்கும் தெரியேல்லை.”

பஸ்ரியாம்பிள்ளைக்கு இருமல் வந்தது.  மனேஜர் சிரித்தார். அந்தச் சிரிப்பு அவளுக்கு வசவைவிட மோசமாகப் பட்டது.

“வாய் இருக்கு. இருக்கட்டும். தபாற்கந்தோர் வாய். பிலிப்புக்குப் பழகிப்போகும்.” அவர் தேத்தண்ணியைக் குடித்தார். “இப்ப கேளும். எனக்கு இந்த மூண்டு லட்சம் சட்டைப் பைக்குள்ளை வைக்க இல்லை. என்ரை பெட்டைக்குப் பேசியிருக்கிறது கனடாக்காரன். அடுத்த மாசம் அவன் வந்திட்டுப் போறான். அவையளுக்கு நான் மூண்டு எண்டு சொல்லிப்போட்டன். நீர் தாற காசு என்ரை வாசலாலை வந்து மற்ற வாசலாலை போகும். எனக்குத் தேத்தண்ணிக் காசும் மிஞ்சாது.”

“அப்ப உங்கடை மகளின்ரை கலியாணத்துக்கு என்ரை வீடு.”

“உம்மடை கலியாணத்துக்கு உம்மடை தம்பியின்ரை சம்பளம். எல்லா வீட்டிலையும் இப்பிடித்தானே.”

“தம்பியின்ரை சம்பளம் எவ்வளவு எண்டு தெரியாமல் எப்பிடி மூண்டு எண்டு சொன்னனீங்கள்?”

“உம்மடை அப்பா வாசிச்சுக் காட்டினவர்.”

 வெளியில் யாரோ சைக்கிளில் மணியடித்துக்கொண்டு போனார்கள்.

“எனக்குக் கலியாணம் வேண்டாமெண்டு நான் சொல்லேல்லை” என்றாள் மேரிஜோசப்பின். ஒவ்வொரு சொல்லாக எண்ணி வைத்தாள். “அந்த மனுசனிலை எனக்கு ஒரு குறையும் இல்லை. பழைய ஒன்றரைக்கு வாங்கோ, இப்பவே எழுதுவம். அதுக்குத் தம்பியின்ரை வரிச் சலுகை ஒண்டும் தேவையில்லை, ரெண்டு வருசத்திலை கட்டி முடிப்பான். மூண்டு எண்டால் சலுகை கிடைக்கவேணும். கிடைச்சதெண்டு நாளைக்கு அவன் ரெலிபோனிலை சொன்னால் நான் கையெழுத்துப் போடுறன். சொல்லாட்டில் இல்லை.”

“நாளைக்கு இல்லாட்டிப் பிறகு இல்லை, பிள்ளை. காசுக்காரன் நாளைக்குத்தான் காசு வைச்சிருக்கிறான். கனடாக்காரனுக்கு நான் ஞாயிற்றுக்கிழமை பதில் சொல்லவேணும்.” அவர் எழும்பிக் குடையை எடுத்தார். “கரம்பொனிலை பிலிப்பைக் கேட்டு ஒரு இடம் இருக்கு. உம்மை வெருட்டச் சொல்லேல்லை.”

“வெருட்டாமல் சொன்னதுக்குப் பெரிய உபகாரம்.”

அவர் போன பிறகு பஸ்ரியாம்பிள்ளை நெடுநேரம் படலையைப் பார்த்துக்கொண்டு நின்றார். “முப்பத்திரண்டு வயசு” என்றார் கடைசியில், யாருக்கும் சொல்லாததுபோல.

“எனக்குத் தெரியும் எத்தினை வயசெண்டு. என்னைப் பெத்தது நீங்கள் எண்டதும் தெரியும். ஆனால் இந்த வீட்டுக் கூரைக்கு ஓடு வாங்கினது என்ரை பதினொரு வருசச் சம்பளம். அதுக்கு வரியும் கட்டினனான், வெட்டும் குடுத்தனான். அதை ஒருத்தரும் கோயில் வாசலிலை வாசிச்சுக் காட்டேல்லை.”

 வள்ளம் நடத்துகிற மண்டாடியாகக் கடலில் நின்ற மனிதர், வீட்டுக்குள் எங்கே நிற்பதென்று தெரியாமல் நின்றார். அவரைப் பார்க்க அவளுக்குப் பாவமாக இருந்தது. பாவமாக இருந்ததனால் கோபம் இன்னும் கூடியது.

வெள்ளிக்கிழமை நாலு மணிக்கே எல்லோரும் தபாற்கந்தோருக்கு வந்துவிட்டார்கள். நொத்தாரிசு ஐயாத்துரை கறுத்தக் கோட்டோடு வாங்கில் இருந்து வியர்வையைத் துடைத்தார். மனேஜர் பக்கத்தில் இருந்தார். பஸ்ரியாம்பிள்ளை இருக்கவில்லை, தூணோடு சாய்ந்து நின்றார். உறுதி எழுதி முடிந்து, பெயர்கள், எல்லைகள் எல்லாம் நிரப்பி, அவளுடைய கையெழுத்துக்கு மட்டும் இடம் விட்டிருந்தது. கடைசி பஸ் ஐந்தே காலுக்கு. அதில் நொத்தாரிசு யாழ்ப்பாணம் போகவேண்டும்.

“நாலரைக்கு எண்டுதானே சொன்னவன்” என்று வைத்திலிங்கம் சொல்லி, தன் கதிரையை அவளுக்கு ரெலிபோன் மேசையடியில் இழுத்துப் போட்டார். அவர் யாருக்கும் கதிரை கொடுத்து அவள் கண்டதில்லை.

அவள் யாழ்ப்பாணத்தைக் கூப்பிட்டாள். யாழ்ப்பாணம் கொழும்பைக் கூப்பிட்டது. கொழும்பில் வெளிநாட்டுப் பகுதிப் பெண் பிள்ளையிடம் இலக்கத்தை ஒவ்வொன்றாகச் சொன்னாள். காதுக்குள் காற்றடித்தது, யாரோ சிங்களத்தில் சிரித்தார்கள், ஒரு தரம் முழுக்கச் செத்துப்போய்த் திரும்ப உயிர் வந்தது. நாலு மணி முப்பத்தெட்டுக்கு, வெகு தூரத்தில், இங்கத்தை மணியைப் போல இல்லாத ஒரு மணி ஒற்றையாக நீட்டி அடிக்கத் தொடங்கியது.

“அடிக்குது” என்றாள்.

நொத்தாரிசு வாங்கிலிருந்து எழும்பினார்.

அடித்தது. விட்டு அடித்தது. கொழும்புப் பெண் பிள்ளை குறுக்கே வந்து, ஒருவரும் எடுக்கவில்லை, துண்டிக்கவா என்று கேட்டாள். வேண்டாம் என்றாள் மேரிஜோசப்பின்.

“வேலை முடிஞ்சு வரச் சுணங்குதாக்கும்” என்றார் பஸ்ரியாம்பிள்ளை.

“இல்லாட்டி நல்ல செய்தி கிடைச்சு, கொண்டாடப் போயிட்டானாக்கும்” என்றார் மனேஜர். சொல்லிவிட்டு அவரே கைக்கடிகாரத்தைப் பார்த்தார். அவருடைய விரல் குடைப்பிடியில் தட்டிக்கொண்டே இருந்தது. அந்த மனிதருக்கும் பயம் என்பதை அவள் அப்போதுதான் கண்டாள். பயந்த மனிதர்கள் சேர்ந்துதான் தன் வீட்டைப் பிய்த்துக்கொண்டு நிற்கிறார்கள் என்று நினைத்தாள். அது அவளுக்கு ஒரு ஆறுதலையும் தரவில்லை.

நாலு ஐம்பதுக்குக் கொழும்பு துண்டித்தது. அவள் திரும்ப முதலிலிருந்து கூப்பிட்டாள். ஐந்து மூன்றுக்கு மறுபடி அந்த நீண்ட மணி.

நொத்தாரிசு உறுதியைக் கொண்டுவந்து, பசைப் போத்தலுக்கும் முத்திரைத் தாள்களுக்கும் நடுவில் விரித்து வைத்தார். பேனை மூடியையும் அவரே கழற்றினார். “தங்கச்சி, பஸ் வரப்போகுது. பெடியன் எடுக்கிறபோது எடுக்கட்டும். இப்ப இதிலை ஒண்டு, அடியிலை ஒண்டு.”

“போட்டிட்டுக் கதை, பிள்ளை” என்றார் தகப்பன். “அவனுக்குக் கிடைக்கும். மாதாவே எண்டு கிடைக்கும்.”

“கிடைச்சிருந்தால் எடுத்திருப்பான்.”

“கிடைக்காட்டிலும் எடுத்திருப்பானே” என்றார் மனேஜர். அது நியாயமான பேச்சு. 

வெளியில் பஸ் வந்து நின்றது. இயந்திரம் நிற்காமல் உறுமியது. மேரிஜோசப்பின் ஒரு கையால் ரெலிபோனைக் காதோடு பிடித்துக்கொண்டு, மற்றக் கையால் உறுதியை மடித்தாள். இரண்டாக மடித்து, நாலாக மடித்து, நொத்தாரிசின் பேனையையும் மேலே வைத்து, மீதிச் சில்லறை தள்ளுவதுபோலக் கம்பிக்கு அடியால் வெளியே தள்ளிவிட்டாள்.

“இந்த ரெலிபோன் சொல்லாமல் நான் போடமாட்டன். பஸ்ஸிலை போறவை போகலாம்.”

நொத்தாரிசு பேனையை எடுத்து மூடிக்கொண்டு போய்விட்டார். பஸ் இரண்டு தரம் ஹோன் அடித்துவிட்டுப் புறப்பட்டது. மனேஜர் போகவில்லை. வாங்கில் திரும்ப இருந்து, குடையை முழங்காலுக்கு நடுவில் வைத்து, அவளுடைய முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பஸ்ரியாம்பிள்ளை தூணை விட்டு வந்து கம்பியைப் பிடித்தார். வைத்திலிங்கம் கந்தோர் பூட்டுகிற நேரமாகிவிட்டது என்று சொல்லாமல் சாவியைக் கையில் வைத்திருந்தார்.

அவளுடைய காதுக்குள் மணி அடித்தது. எந்தத் தெரு, எத்தனையாம் இலக்கம், எந்த மாடி என்று அவளுக்குப் பாராமல் தெரியும். அவன் குடியிருக்கிற இடம் இதுதான் என்று அவளே படிவத்தில் தன் கையால் எழுதிக் கொடுத்த கிறேசின் வீடு அது. அந்த வீட்டுக்குள் மணி அடித்துக்கொண்டே இருந்தது.